கிழிந்த ரப்பர் புழுவைக் கரைக்குக் கொண்டுவாருங்கள்

ஒன்ராறியோவின் ஏரிகளிலும் குளங்களிலும் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடும் தமிழ் உறவுகளுக்கு,



வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்த கையோடு தடியையும் பெட்டியையும் வானில் ஏற்றுகிறவர்களே, யூனில் பாஸ் பருவம் திறக்கும் சனிக்கிழமைக்காகப் பனிக்காலத்திலேயே ரப்பர் புழுப் பைக்கற்றுகளை வாங்கி நிறம் நிறமாக அடுக்கி வைக்கிறவர்களே, இந்த மடல் உங்களுக்குத்தான். மீன்பிடிப்பதே பாவம் என்று நினைப்பவர்களோடு எனக்கு இன்று பேச்சில்லை. நானும் உங்களோடு கரையில் நிற்கிறவன். அந்த உரிமையில் நேராகவே கேட்கிறேன்: மீன் கடித்துக் கிழிந்த புழுவைத் தூண்டிலில் இருந்து கழற்றிய பிறகு எங்கே போடுகிறீர்கள்?

பெரும்பாலும் தண்ணீருக்குள். ஸ்கூகொக் ஏரிக்கரையில், றைஸ் ஏரியின் படகுத்துறைகளில், பிக்கறிங்கின் பிரெஞ்ச்மன்ஸ் பேயில் நான் பார்த்து வருவது இதுதான். புழு நடுவில் பிய்ந்துவிடும். விரலால் உருவி எடுப்பீர்கள். கண் அடுத்த பைக்கற்றைத் தேடிக்கொண்டிருக்கும்; கை தன்பாட்டில் பழையதை அல்லி இலைகளுக்கு மேலால் சுண்டிவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. குடித்து முடித்த போத்தலை ஏரிக்குள் எறிய மனம் வராத, பிள்ளை சிப்ஸ் பைக்கற்றைக் கீழே போட்டால் அதட்டி எடுக்கச் சொல்கிற அதே ஆள்தான் ரப்பர் புழுவை எறிகிறார். அது குப்பை என்று அவர் மனதில் படுவதில்லை. புழுவின் உருவத்தில் இருப்பதால், தண்ணீருக்குரிய ஏதோவொன்று தண்ணீரோடு போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம். அந்த நினைப்பை மாற்றத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் புழுவின் அருமை தெரியாமல் நான் பேசவில்லை. கொடிப்பாசியும் அல்லியும் மண்டிக் கிடக்கிற, இடுப்பளவு ஆழம்கூட இல்லாத தண்ணீரில் மூன்று முனைத் தூண்டில் தொங்கும் மீன்பொம்மையை எறிந்து பாருங்கள். ஒவ்வொரு எறிக்கும் ஒரு கொத்துப் பாசி வரும். அதைப் பிடுங்கித் துப்புரவாக்குவதிலேயே காலை போய்விடும். ரப்பர் புழுவை ரெக்ஸஸ் றிக்கில் பூட்டினால் கதையே வேறு. தோட்டா வடிவ ஈயம் முன்னால் ஓடும். கழுத்து வளைந்த தூண்டிலின் முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிடுகிறோம். வெளியே கூர் தெரியாததால் எந்தப் பற்றைக்குள்ளும் புகுந்து வெளியே வரும். அல்லி இலையில் விழுந்து, விளிம்பு வரை இழுபட்டு, மெல்ல நழுவி நிழலுக்குள் இறங்கும் அந்த நேரம் உங்களுக்குத் தெரியும். தங்கூசி தளர்வாகக் கிடக்கும். பிறகு அதில் ஒரு சின்ன உதறல். அல்லது சொல்லாமல் கொள்ளாமல் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். பாஸ் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்துப் புழுவை உறிஞ்சிவிட்டது. கடினமான பொருளென்றால் உடனே துப்பியிருக்கும். இது மெத்தென்று இருப்பதாலும், உப்பும் வாசனையும் கலந்திருப்பதாலும் ஒரு கணம் கூடுதலாக வாயில் வைத்திருக்கிறது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் நாங்கள் இந்தப் புழுக்களை வாங்குகிறோம்.

1949இல் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் நிக் கிறீம் என்பவர் வீட்டிலே உருக்கி வார்த்த வைனைல் புழுவில் இருந்து தொடங்கிய தொழில் இது. அவருடைய கொம்பனி பின்னர் ரெக்ஸஸின் ரைலர் நகருக்கு இடம்மாறியது. ரெக்ஸஸ் றிக் என்ற பெயரும் அந்தப் பக்கத்து நீர்த்தேக்கங்களில் இருந்து வந்ததுதான். தொண்ணூறுகளில் கரி யமமோட்டோ என்பவரின் சென்கோ வந்தது. ஈயமே பூட்டாமல், தன் உடம்பில் கலந்த உப்பின் கனத்தாலேயே, இரண்டு நுனியும் மெல்லத் துடிக்கக் கிடையாக அமிழ்ந்து போகும் ஒரு வெறும் குச்சிப் புழு. வாலும் இல்லை, காலும் இல்லை. இன்று நம் ஆட்களின் பெட்டிகளில் அது இல்லாத பெட்டியை நான் கண்டதில்லை.

எந்த மென்மைக்காக அதை வாங்குகிறோமோ அந்த மென்மையாலேயே அது கிழிகிறது. உப்புக் கூடக் கூட உடம்பு இன்னும் எளிதாகப் பிய்யும். வாக்கி றிக்கில் நடுவில் குத்திய சென்கோ ஒரு மீனைத் தாங்கும், மிஞ்சினால் இரண்டு. சிலவேளை மீனே இல்லாமல், எறிந்த வேகத்திலேயே பிய்ந்து பறந்துவிடும். பத்துப் புழு உள்ள பைக்கற், மீன் நன்றாகக் கடிக்கிற நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பத்தும் எங்கே போயின என்று ஒருநாளாவது கணக்குப் பார்த்திருக்கிறீர்களா?

அவை எங்கேயும் போகவில்லை. அந்தக் குளத்தின் அடிச் சேற்றிலேயே கிடக்கின்றன. ஏனென்றால் ரப்பர் என்று நாங்கள் சொல்லும் அந்தப் புழு உண்மையில் பிவிசி. வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எதனால் ஆனதோ அதே பொருளில், எண்ணெய் போன்ற இளக்கிகளை ஏராளமாகச் சேர்த்து மெதுமையாக்கியிருக்கிறார்கள். நிலத்துக்குள் புதைத்த பிவிசிக் குழாய் எத்தனை காலம் உக்காமல் கிடக்கும் என்று உங்களில் கட்டட வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. சேர்த்திருக்கும் இளக்கிகளோ மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் கசியக்கூடியவை. பல புழுக்களில் இருப்பது தாலேற் வகை இளக்கி. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களில் கனடா அளவு கட்டி வைத்திருக்கும் அதே வகை. ஓடுகிற ஆறென்றால் வெள்ளம் அடித்துக்கொண்டாவது போகும். நாங்கள் பாஸ் தேடிப் போகிற இடங்கள் காற்றுக்கூடப் புகாத பாசிக் குளங்களும் ஆழமற்ற குடாக்களும். எறிந்தது எறிந்த இடத்திலேயே தங்கும். அடுத்த வாரம் அதே இடத்துக்கு வந்து அதன் மேலேயே புதிய புழுவை எறிகிறோம்.

"மீன் என்ன லூசே அண்ணை, செத்த ரப்பரைத் தின்ன?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கடி இல்லாத வெயில் நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? புழுவை அடியில் இறக்கிவிட்டு, தடியை அசைக்காமல், பொறுமையாகக் காத்திருக்கிறீர்கள். அசையாமல் கிடக்கும் அந்தப் புழுவைத்தான் பாஸ் வந்து எடுக்கிறது. எங்களில் பலருடைய மிகப் பெரிய மீன்கள் அப்படி வந்தவைதான். தூண்டில் பூட்டிய புழு அசையாமல் கிடந்தால் தின்கிற மீன், தூண்டில் இல்லாத புழு பக்கத்தில் அசையாமல் கிடந்தால் தின்னாமல் விடுமா? நாங்கள் உப்பும் நண்டு வாசனையும் பூசித்தானே அதை அங்கே போட்டிருக்கிறோம்.

ஊகத்தில் பேசுவதாக நினைக்க வேண்டாம். இங்கேயே, கிழக்கு ஒன்ராறியோவின் சார்ள்ஸ்ரன் ஏரியில், ஆராய்ச்சியாளர்கள் மூச்சுக்குழாய் அணிந்து கரையோரமாக நீந்தி இந்தப் புழுக்களைத் தேடியிருக்கிறார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு கிலோமீற்றர் கரைக்கு வருடமொன்றுக்குச் சுமார் 80 வரை சேரக்கூடும். அந்த ஏரியில் மீன்பிடிப்பவர்களை விசாரித்தபோது, லேக் ட்ரவுட் வெட்டுகையில் ஒரு தடவையாவது வயிற்றுக்குள் ரப்பர் புழுவைக் கண்டதாக 17.9 சதவீதமானோர் சொன்னார்கள். ஆராய்ச்சியாளர்கள் தாங்களே பிடித்துப் பார்த்த மீன்களில் விகிதம் குறைவாக இருந்தது: லேக் ட்ரவுட்டில் 2.2 சதவீதம், ஸ்மோல்மவுத் பாஸில் 3.4 சதவீதம். இந்தக் குறைந்த எண்களை நான் மறைக்கப் போவதில்லை. மறைத்துச் சொல்லும் நியாயம் உங்கள் முன் ஒருநாள்கூட நிற்காது. ஆனால் நூறு மீனில் மூன்று என்பது எனக்குச் சின்னக் கணக்காகத் தெரியவில்லை. ஒரு கோடையில் ரொறன்ரோவைச் சுற்றி நாங்கள் எல்லோருமாகக் கையில் பிடிக்கும் மீன்களை நினைத்துப் பாருங்கள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் செய்தார்கள். புழுக்களைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள், 4 பாகைக் குளிரிலும் 21 பாகை வெதுவெதுப்பிலும். இரண்டிலும் அவை கணிசமாக வீங்கின. பைக்கற்றில் இருந்து எடுக்கும்போது விரல் தடிப்பில் இருக்கும் புழு, குளத்தில் கிடந்து ஊறினால் அந்த அளவில் நிற்பதில்லை. மெயின் மாநிலத்தில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், தொட்டியில் வளர்த்த புறூக் ட்ரவுட்டுகளுக்கு உணவோடு சேர்த்து ரப்பர் இரைகளையும் போட்டுப் பார்த்தார்கள். 63 சதவீதமானவை தாமாகவே விழுங்கின. விழுங்கியவை 90 நாட்களுக்குள் எடை குறைந்து, உடம்பு வற்றி, இரையில் நாட்டம் கெட்டுப் போயின.

எங்கள் வீட்டிலேயே ஒன்றைப் பார்த்தோம். போன ஆவணியில் அக்காவின் மகன் பிடித்து வந்த லார்ஜ்மவுத் பாஸை அக்கா குசினிக்குள் வெட்டிக்கொண்டிருந்தா. நீளத்துக்கு ஏற்ற சதை அந்த மீனில் இல்லை. தலை பெரிசாகவும் முதுகு மெலிந்தும் இருந்தது. செதில் சுரண்டி, பூவைப் பிடுங்கி, வயிற்றைக் கீறினால் இரைப்பை அழுத்தினால் அமுங்காமல் உருண்டு திரண்டிருந்தது. கத்தி நுனியால் பிளந்ததும் வெளியே வந்தது பெருவிரலைவிடத் தடித்த, வெளிறிய ஏதோவொன்று. "இதென்னடா, அட்டையே?" என்று அக்கா கையை எடுத்துக்கொண்டா. தண்ணீரில் அலசிப் பார்த்தபோது வரி வரியாக வளையங்கள் தெரிந்தன. ஒரு காலத்தில் பூசணிப் பச்சை நிறமாக இருந்திருக்க வேண்டும். சாம்பல் பூத்துப் போயிருந்தது. நடுவில் ஒரு கீறல், தூண்டில் பிய்த்துக்கொண்டு வந்த கீறல். மீனுக்குள் தூண்டிலும் இல்லை, தங்கூசியும் இல்லை. அறுத்துக்கொண்டு போன மீன் அல்ல அது. யாரோ கழற்றி எறிந்த புழுவை இரை என்று நம்பி எடுத்த மீன். புழுவுக்குப் பின்னால் குடலுக்குள் ஒரு நண்டுக்கால் துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்காவின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. "இதை ஆர் போட்டது?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை உங்கள் பிள்ளை உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, நாங்கள் எங்களுக்குள் மெல்லிய குரலில் மட்டும் பேசிக்கொள்ளும் ஒரு விடயத்துக்கு வருகிறேன். ஏரிக்கரையில் எங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வானை நிறுத்திவிட்டு இறங்கும்போதே சில முகங்கள் திரும்பும். எத்தனை மீன் பிடித்தாய், லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்க எந்த அதிகாரமும் இல்லாதவர்கள் கேட்பார்கள். இது வெறும் மனப்பிரமை இல்லை. 2007இல் இந்த மாகாணத்தின் பல இடங்களில் ஆசிய வம்சாவளியினரான மீன்பிடிப்பாளர்கள் தாக்கப்பட்டார்கள். துறைகளில் நின்றவர்களைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார்கள். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு அதை விசாரித்து, 'அச்சமின்றி மீன்பிடித்தல்' என்ற பொருள்பட 2008இல் ஓர் அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் இரவு மீன்பிடிப்பை அடியோடு விட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள்.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கரையில் பயமில்லாமல் நிற்கும் உரிமையை யாரும் துப்புரவாக இருந்து சம்பாதிக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே எங்களுடையது. வெள்ளைக்காரரும் புழுவை எறிகிறார்கள். அறுபதாயிரம் டொலர் படகில் நின்று சுண்டி எறிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் முறைப்பதில்லை. இந்த அநியாயத்தில் எனக்கு உங்களைப் போலவே கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபம் எங்கள் கையில் இருக்கும் கிழிந்த புழுவுக்கு விடையாகாது. அவர்கள் பார்க்கிறார்களே என்பதற்காக இதைச் செய்யச் சொல்லி உங்களிடம் நான் கேட்கமாட்டேன். எங்கள் பிள்ளைகள் நீந்தப் பழகியதும், எங்கள் அம்மாக்கள் பின்னேரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பதும் இந்த ஏரிகளின் கரைகளில்தான். ஊரில் விட்டுவந்த குளங்களுக்கு நாங்கள் எதுவும் செய்ய முடியாமல் போனது. இந்தத் தண்ணீருக்குச் செய்ய முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது எங்கள் சொந்த நலன். 2013இல் மெயின் மாநிலச் சட்டசபைக்கு ரப்பர் இரைகளை அடியோடு தடைசெய்யும் சட்டமூலம் ஒன்று வந்தது. மீன்பிடிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் தடை வரவில்லை. அரசு மீன்வளத் துறையை ஆராயச் சொன்னார்கள், துறையும் சட்டத்தைவிட மக்களுக்கு விளங்கப்படுத்துவதே வழி என்றது. அமெரிக்க மீன்பிடித் தொழில் அமைப்புகளும் அதே காலத்தில் பழைய புழுவைக் குப்பைத்தொட்டியில் போடுவதாக உறுதிமொழி எடுக்கும் இயக்கத்தைத் தொடங்கின. புளோரிடாவின் பாஸ் கழகங்கள் பழைய புழுக்களைச் சேகரித்து மீண்டும் உருக்கி வார்க்கக் கொடுத்திருக்கின்றன. தடை வேண்டாம் என்று சொன்னவர்கள், அப்படியானால் நாங்களே பொறுக்குகிறோம் என்று பொறுப்பெடுத்தார்கள். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. நானும் தடையை விரும்பவில்லை. பாசிக்குளத்தில் ரப்பர் புழு இல்லாமல் மீன்பிடிக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் எங்களை யாரும் கட்டாயப்படுத்த முதல் நாங்களாகவே செய்துவிட வேண்டும் என்கிறேன்.

"கழற்றினதை நான் பைக்குள்ளதான் போடுறன், ஆனா பாசிக்குள்ள அறுந்து போறதுக்கு என்ன செய்ய?" என்று கேட்பவர்களுக்கு நல்ல கைவைத்தியங்கள் இருக்கின்றன. வாக்கி றிக்கில் புழுவுக்கு நடுவே நேரடியாகக் குத்தாதீர்கள். சின்ன ரப்பர் வளையம் ஒன்றைப் புழுவில் ஏற்றி, தூண்டிலை அந்த வளையத்துக்குள் கொளுவுங்கள். மின்வேலைக்காரர் வயருக்குப் போடுகிற சுருங்கு குழாயில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றினாலும் சரி. ஒரே புழு பல மீன்களைத் தாங்கும். ரெக்ஸஸ் றிக்கில் தலைப்பக்கம் கிழிந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி பூட்டலாம். நடுவில் பிய்ந்த சென்கோவின் இரண்டு பாதியும் சின்னத் தலைக்குண்டில் பூட்டி நெட் றிக்காகப் போட அளவானவை. மீன் மந்தமாக இருக்கும் நாளில் முழுப்புழுவைவிட அந்தப் பாதிக்கே நன்றாகக் கடிக்கும். இரண்டாகக் கிழிந்ததைப் பசை போட்டு ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இழுபட்டாலும் கிழியாத எலாஸ்ரெக் வகைப் புழுக்களும் இருக்கின்றன. அவற்றை மட்டும் மற்றப் புழுக்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள், இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும்.

அடர்ந்த பாசிக்குள் மெல்லிய தங்கூசியோடு போகிறீர்கள் என்றால் புழுவை இழக்கத் தயாராகவே போகிறீர்கள் என்று அர்த்தம். முப்பது, ஐம்பது இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் போடுங்கள். பாசியை அரிந்துகொண்டு மீனும் வரும், புழுவும் வரும். கரைக்குப் போகும் முன்பே முடிச்சை நனைத்து இறுக்கிப் பாருங்கள். கடித்ததும் உடனே இழுங்கள். "நல்லா விழுங்கட்டும்" என்று எண்ணிக்கொண்டு நிற்பதால்தான் தூண்டில் தொண்டைக்குள் போகிறது, பிறகு நூலை வெட்டி, புழுவோடு மீனை விட வேண்டி வருகிறது. மண்ணில் உக்கும் என்று சொல்லி விற்கிற இரைகளை வாங்கினாலும் எறிய அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். அது உக்குவதற்கு எடுக்கும் காலத்துக்குள் எந்த மீனும் அதை விழுங்கலாம்.

ஈயத்தைப் பற்றித் தனி மடலே எழுத வேண்டும். இங்கே ஒரு வரி: நாங்கள் தினமும் கையில் பிடிக்கும் ஒரு டொலர்க் குற்றியில் இருக்கிற லூன் பறவை, கல் என்று நினைத்துச் சின்ன ஈயக்குண்டை விழுங்கினால் செத்துப்போகும். தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளுக்கு 1997 முதல் தடை உண்டு. வசதியுள்ளவர்கள் ரங்ஸ்ரனுக்கு மாறுங்கள்.

இப்போது என் வேண்டுகோள். மூடியுள்ள ஒரு கண்ணாடிப் போத்தலை உங்கள் மீன்பிடிப் பெட்டிக்குள் வையுங்கள். கண்ணாடி என்று சொல்லக் காரணம், இந்தப் புழுக்களின் எண்ணெய் சில பிளாஸ்ரிக் டப்பாக்களையே இளக்கி ஓட்டையாக்கும். கிழிந்த புழு தூண்டிலில் இருந்து கழன்றதும் போத்தலுக்குள் போக வேண்டும். படகின் தரையில், காற்சட்டைப் பைக்குள், தடிக்குப் பக்கத்தில் என்று ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். அங்கே வைத்தது காற்றோடு தண்ணீருக்குத்தான் போகும். கரையில் மற்றவர்கள் போட்டது கண்ணில் பட்டால் அதையும் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் பொறுக்கச் சொல்லவில்லை. உங்களுடையது முழுவதும், பிறருடையதில் ஒன்றிரண்டு. அவ்வளவுதான் கேட்கிறேன். போத்தல் நிறைந்தால் வீட்டுக் குப்பையோடு போடலாம். உருக்கி வார்க்கப் பழகியவர்கள் அதையே மறுபடி புழுவாக்கலாம். ஆனால் குசினி அடுப்பில் வேண்டாம், கூடுதலாகச் சூடேறிய பிவிசியின் புகை நெஞ்சுக்கு நஞ்சு.

யூரியூப்பில் தமிழில் மீன்பிடி காட்டும் தம்பிமாருக்குத் தனியாக ஒரு சொல். உங்களைப் பார்த்துத்தான் புதிதாக வந்தவர்கள் தடி வாங்குகிறார்கள், எந்த நிறப் புழு, எந்த அளவுத் தூண்டில் என்று முடிவெடுக்கிறார்கள். மீனைக் கமராவுக்குக் காட்டிவிட்டு, பிய்ந்த புழுவைக் கமராவுக்கு முன்னாலேயே எறிந்த காட்சிகளை நான் உங்கள் காணொளிகளில் பார்த்திருக்கிறேன். அடுத்த காணொளியில் அதைப் போத்தலுக்குள் போடுவதைக் காட்டுங்கள். அதைப் பற்றி ஒரு பேச்சும் பேசத் தேவையில்லை. கை செய்வதைப் பார்த்தாலே பையன்கள் பழகிவிடுவார்கள்.

தூண்டில் சாமான் விற்கும் நம் கடைக்காரர்களே, காசு வாங்கும் மேசையில் ஒரு வாளி வையுங்கள். பழைய புழுவைக் கொண்டுவந்து போடுகிறவருக்கு ஒரு வளையப் பைக்கற்றோ, இரண்டு தூண்டிலோ கொடுங்கள். அவர் மறுபடி வருவார், அது உங்களுக்கும் நல்லது.

ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் இந்த மடலின் கடைசிப் பகுதி. கோடை ஒன்றுகூடல்களுக்கு ஏரிக்கரைப் பூங்காக்களைப் பதிவு செய்திருப்பீர்கள். ஒரு பக்கம் ஆட்டிறைச்சி அடுப்பில் வேகும், மறுபக்கம் பிள்ளைகளுக்கு மீன்பிடிப் போட்டி நடக்கும். வழக்கமாகப் பெரிய மீனுக்கு ஒரு கிண்ணம் கொடுப்பீர்கள். இந்த வருடம் தண்ணீரிலும் கரையிலும் இருந்து ரப்பர் புழுவும் அறுந்த நூலும் அதிகமாகப் பொறுக்கி வந்த பிள்ளைக்கும் அதே அளவுக் கிண்ணம் ஒன்றைக் கொடுங்கள், அதே மேடையில், அதே கைதட்டலோடு. சேர்ந்த புழுக்களை மேசையில் பரப்பி எல்லோரும் பார்க்க எண்ணுங்கள். படம் எடுத்து உங்கள் வற்ஸ்அப் குழுவில் போடுங்கள், எந்த ஏரி, எந்தக் கரை என்று சேர்த்து எழுதுங்கள். நாலு சங்கங்கள் இதைச் செய்தால் எந்தக் கரையில் நிலைமை மோசம் என்று எங்களுக்கே ஒரு கணக்கு வந்துவிடும். அந்தக் கணக்கோடு நகரசபைக்குப் போய், அந்தத் துறைகளில் நூலுக்கும் புழுவுக்கும் சேகரிப்புத் தொட்டி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அப்படிக் கேட்கப் போகிறவர்களோடு நானும் வருகிறேன்.

பருவம் திறக்கும் சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். வெறுமையான ஊறுகாய்ப் போத்தல் ஒன்று இல்லாத தமிழ் வீடு இருக்காது. அதைக் கழுவிக் காயவைத்து, இன்று இரவே உங்கள் மீன்பிடிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஸ்கார்பரோவிலிருந்து ஒரு மீன்பிடிப்பாளன்